முதலில் கையெழுத்து, பிறகு வாக்குமூலம்!

தோழா,

மேசைமீது ஒலிப்பதிவுக் கருவி ஓடிக்கொண்டிருக்கிறது. மேசைக்கு இப்புறம் ஒரு பெண் அதிகாரி. அப்புறம், மழித்த தலையும் தடித்த கழுத்துமாக ஒரு போலீசுக்காரன். கையெழுத்தான காகிதம் இருவருக்கும் நடுவிலே கிடக்கிறது. "தொடங்கலாம்" என்கிற பாவனையில் அந்த அம்மையார் அமர்ந்திருக்கிறார். அவனோ பேசவில்லை. ஒரு நொடி, இரு நொடி என்று நீளும் மௌனம் பார்ப்பவரின் நெஞ்சை அழுத்துகிறது. சொல்லத் தெரியாமல் திணறுகிறானா, சொல்ல வெட்கப்படுகிறானா என்று நாம் ஐயுறுகிறோம். இரண்டுமில்லை. எதிலிருந்து தொடங்குவது என்று எண்ணிப் பார்த்துக்கொண்டிருக்கிறான்! கடைசியில் வாய் திறக்கிறான். முதல் குற்றமாக அவன் கூறுவது, தன்னோடு பணிபுரிந்த மற்றொரு போலீசு அதிகாரியைத் தன் கையாலேயே சுட்டுக் கொன்றதை!

கேட்ட அம்மையாரின் முகத்திலே குருதி வற்றுகிறது. கொலையைக் கேட்டு மட்டுமன்று. அந்தக் கொலைக்குத் தண்டனை இல்லை என்று தன் துறை சற்று முன்னர்தான் எழுதிக்கொடுத்துவிட்டது என்பதனை நினைத்து!

'தி ஷீல்டு' என்பது அந்த நாடகத்தின் பெயர். கேடயம் என்றும் பொருள். அமெரிக்கப் போலீசார் மார்பிலே அணியும் முத்திரைக்கும் அதுவே பெயர். ஷான் ரயன் என்பவர் படைத்தது. 2002 மார்ச்சிலே தொடங்கி 2008 நவம்பரிலே முடிந்தது. ஏழு பருவங்கள், எண்பத்தெட்டுப் பகுதிகள். நான் மேலே கூறிய காட்சி, கடைசிக்கு முந்திய பகுதியிலே வருவது. 2008 நவம்பர் 18-இல் ஒளிபரப்பானது. "ஞாயிற்றுக்கிழமை அரசியல் பேசுவாய் என்று இதழை விரித்தால், தொலைக்காட்சிக் கதை பேசுகிறாயே!" என்று நீ முகம் சுளிக்கக்கூடும். சுளிக்காதே! அரசாங்கம் என்பது என்ன, அதன் கைத்தடி யாருடைய கையிலே இருக்கிறது, அந்தக் கையை யார் பிடித்து நிறுத்துவது என்ற கேள்விகளைவிட அரசியல் வேறு ஏது? சட்டமன்றத்திலே பேசப்படுவது மட்டுந்தான் அரசியல் என்று உனக்கு யார் சொன்னார்கள்?

அவன் பெயர் விக் மேக்கி. லாஸ் ஏஞ்செல்ஸ் நகரிலே, ஃபார்மிங்டன் என்று கதைக்காகப் படைக்கப்பட்ட ஒரு வட்டாரம். பழைய தேவாலயம் ஒன்றைப் போலீசு நிலையமாக மாற்றியிருக்கிறார்கள். (மன்னிப்பு வழங்கிய இடத்திலே விலங்கு மாட்டுகிறார்கள், கதை எழுதியவர் வேண்டுமென்றேதான் வைத்திருக்கிறார்.) அங்கே கும்பல்களை அடக்க அமைந்த அதிரடிப் படைக்கு அவனே தலைவன். ஷேன், லெம், ரானி என்று மூன்று தோழர்கள். கும்பலைக் கும்பலோடு மோதவிடுவான், கஞ்சா விற்பவனுக்கு எல்லை வகுத்துக்கொடுப்பான், பங்கு பெறுவான், கைதியை அடிப்பான், சாட்சியத்தை நட்டுவைப்பான். தெருவிலே அமைதி நிலவும். மேலதிகாரிகள் புள்ளிவிவரத்தைப் பார்த்து மகிழ்வார்கள்.

முதல் பகுதியிலேயே ஒரு காட்சி. காணாமற்போன ஒரு சிறுமியைத் தேடுகிறார்கள். பிடிபட்டவன் வாய் திறக்க மறுக்கிறான். சட்டப்படி விசாரித்தவர்கள் களைத்துப்போகிறார்கள். மேக்கியை உள்ளே அனுப்புகிறார்கள். கதவு சாத்தப்படுகிறது. உண்மை வெளிவருகிறது, குழந்தை மீட்கப்படுகிறது! பார்த்தவர் எல்லோரும், நான் உட்பட, "இப்படி ஒருவன் வேண்டும்" என்று சொல்லிக்கொண்டோம். அதே பகுதியின் முடிவிலே, ஒரு போதைப்பொருள் வியாபாரியின் வீட்டைச் சோதனையிடும்போது, டெர்ரி க்ரௌலி என்ற தன் சக அதிகாரியின் முகத்திலே அதே மேக்கி குண்டு பாய்ச்சுகிறான். க்ரௌலி செய்த குற்றம், மேக்கியின் தில்லுமுல்லுகளை வெளிப்படுத்த ஒப்புக்கொண்டதுதான்.

முகத்திலே அறைந்தாற்போல் இருந்தது. ஆனால், தோழா, வெட்கத்தோடு சொல்கிறேன்: அடுத்த பகுதி வந்தபோதும் பார்த்தோம். அவன் மீண்டும் ஒரு கொடியவனை அடக்கியபோது மீண்டும் மனத்துக்குள் கைதட்டினோம். ஏழு பருவங்கள்! கொலைகாரன் என்று தெரிந்த ஒருவன் அகப்பட்டுக்கொள்வானோ என்று நாம் பதறினோம். அவன் தப்பினால் பெருமூச்சு விட்டோம். அந்த வேடத்தைத் தாங்கிய மைக்கேல் சிக்லிஸ் 2002-இல் எம்மி விருது பெற்றார். நடிப்புக்குத் தகுந்த விருதுதான். நமக்கு என்ன விருது தருவது?

அந்த நவம்பர்ப் பகுதிக்கு வைத்த தலைப்பிலே ஒரு பொருள் இருக்கிறது. காசு போட்டு ஆடும் பழைய மின்விளையாட்டுகளிலே, ஆட்டம் ஒரு கட்டத்துக்குமேல் போனால் இயந்திரமே திகைத்துப்போகும். 1980-இல் வந்த 'பாக்-மேன்' ஆட்டத்தில் 256-ஆம் படிக்கு வந்தால் திரையில் பாதி வெறும் எழுத்துக் குப்பையாகிவிடும். இயந்திரத்தின் எண்ணிக்கைக் கணக்கு 255-உடன் முடிந்துபோனதே காரணம். ஆடுபவன் தோற்கவில்லை, வெல்லவுமில்லை, ஆட்டம் செத்துப்போகிறது. அந்தத் திரைக்கு ஆட்டக்காரர்கள் வைத்த பெயர்தான் அந்தப் பகுதியின் தலைப்பு. மேக்கி அந்தப் படிக்கு வந்துவிட்டான். எந்த விதியும் அதற்குமேல் எழுதப்படவில்லை.

எப்படி வந்தான் என்பதையும் கேள். தோழன் ஷேன் பகைவனாகிவிட்டான். எல்லாவற்றையும் வெளியிட்டுவிடுவேன் என்று மிரட்டுகிறான். பதவி போகும் நாள் நெருங்கிவிட்டது. மறுபுறம், மத்திய அரசின் குடியேற்றம், சுங்கம் ஆகியவற்றைக் கவனிக்கும் அமலாக்கத் துறைக்கு ஒரு பெரிய மீன் தேவைப்படுகிறது: மெக்சிகோ நாட்டுப் போதைக் கும்பலின் தலைவன் ஒருவன். அவனைப் பிடித்துத் தருகிறேன் என்கிறான் மேக்கி. விலை என்ன? இதுவரை செய்தவற்றுக்கெல்லாம் முழு விலக்கு. மத்தியத் துறையிலே மூன்றாண்டு உத்தியோகம்!

உள்ளூர்ப் போலீசிலோ, கிளாடெட் விம்ஸ் என்ற நேர்மையான அம்மையார் நிலையத் தலைமை ஏற்றிருக்கிறார். அவரும் டச்சு என்ற துப்பறிவாளரும் மேக்கியைப் பிடிக்க வலை பின்னிக்கொண்டிருக்கிறார்கள். மேக்கியின் முன்னாள் மனைவி கொரீன் அவர்களுக்கு இரகசியமாகத் துணைபுரிகிறாள். அது வெளிப்பட்டுவிடாமலிருக்க, மேக்கியின் கண்ணெதிரே அவளைக் கைது செய்வதுபோல் நடிக்கிறார்கள். நடிப்பு பலித்துவிட்டது, பலித்ததுதான் கேடு! "என் பொருட்டுக் குழந்தைகளின் தாய் சிறைபோகிறாளே" என்று நம்பிய மேக்கி ஓடோடிச்சென்று மத்தியத் துறையின் காகிதத்திலே கையெழுத்திடுகிறான். நல்லவர்கள் விரித்த வலையே அவனை வாசல்வரை துரத்திவிட்டது.

இரண்டு துறைகள், இரண்டும் ஒரே மக்களின் வரிப்பணத்திலே நடப்பவை. ஒன்று அவனைப் பிடிக்க முயல்கிறது. மற்றொன்று அவனை வாங்குகிறது. வாங்குகிற துறை, "இந்த மனிதனைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?" என்று பிடிக்கிற துறையை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. கேட்டால் சரக்கு கைநழுவிவிடும் என்ற அச்சம். தலைநகரத்தின் பாராட்டு பறிபோகும் என்ற கவலை. ஆகவே முதலில் கையெழுத்து, பிறகு வாக்குமூலம்! மூட்டையை அவிழ்த்துப் பார்க்காமல் விலை பேசியவன் கதைதான்.

அந்த ஒப்பந்தத்தின் வாசகத்தையும் நினைத்துப் பார். எதை அவன் ஒப்புக்கொள்கிறானோ அதற்கு விலக்கு உண்டு. எதை மறைக்கிறானோ அதற்கு இல்லை. ஆகவே, சொல்லச் சொல்ல அவனுக்கு இலாபம்! கொலையைச் சொன்னால் கொலை கழிந்தது. கொள்ளையைச் சொன்னால் கொள்ளை கழிந்தது. குற்றவாளி உண்மை பேசத் தயங்குவான் என்பதுதானே நாம் கண்ட உலகம்? இங்கே அவன் மணிக்கணக்கிலே, ஒன்றையும் விடாமல், நினைவைத் துருவித் துருவி உண்மை பேசுகிறான். வங்கியிலே பணம் கட்டுபவன்போல எண்ணி எண்ணிக் கட்டுகிறான். வேலி பயிரை மேய்ந்த கதையை நம் பாட்டிமார் சொல்வார்கள். மேய்ந்த வேலி மேய்ந்ததற்கு ரசீதும் வாங்கிக்கொண்ட கதையை அவர்கள் அறியார்.

சிலப்பதிகாரத்தை எண்ணாமல் இருக்க முடியவில்லை. அரசியின் சிலம்பைத் திருடியவன் பொற்கொல்லன். அவனே அரசனிடம் சென்று, "திருடனைக் கண்டுபிடித்துவிட்டேன்" என்றான். உண்மைத் திருடனுக்கு அரசனின் செவி கிடைத்தது. விசாரணைக்கு முன்னரே ஆணை பிறந்தது. மதுரையிலும் வரிசை மாறிற்று. லாஸ் ஏஞ்செல்ஸிலும் வரிசை மாறிற்று. ஆனால் ஒரு வேற்றுமை. பாண்டியன், தான் வழங்கியது தவறான தீர்ப்பு என்று உணர்ந்த அக்கணமே அரியணையிலிருந்து வீழ்ந்து உயிர் துறந்தான். இந்த நாடகத்திலே கையெழுத்திட்ட அதிகாரிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். பிறகு, பெரிய மீனைப் பிடிக்கும் ஏற்பாட்டைக் கவனிக்கப் போய்விடுகிறார்கள்.

"கதைதானே!" என்கிறாயா? கதைக்கு வேர் இருந்தது, தோழா. அதே நகரத்திலே இருந்தது. அந்த வேரின் பெயர் ராம்பார்ட்.

லாஸ் ஏஞ்செல்ஸ் நகரின் மையத்துக்கு மேற்கே உள்ள வட்டாரம் அது. மெக்சிகோவிலிருந்தும் நடு அமெரிக்க நாடுகளிலிருந்தும் பிழைக்க வந்த ஏழை மக்கள் நெருக்கியடித்து வாழும் பகுதி. 1990-களிலே கும்பல்களின் கொட்டம் அங்கே மிகுதி. அவற்றை ஒடுக்கவென்று ராம்பார்ட் நிலையத்திலும் ஒரு தனிப்படை இயங்கிற்று. 'க்ராஷ்' என்பது அதன் சுருக்கப் பெயர். அந்த நிலையத்துப் படையின் சின்னம் என்ன தெரியுமா? தொப்பி அணிந்த மண்டையோடு! மக்களைக் காக்க வந்தவர்கள் மண்டையோட்டைச் சின்னமாக வைத்துக்கொண்டு திரிந்தபோது, அதனைப் பார்த்த மேலதிகாரி ஒருவராவது திடுக்கிட்டிருக்க வேண்டாமா?

1998-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே, போலீசாரின் சாட்சியப் பொருள் காப்பறையிலிருந்து ஆறு பவுண்டு கொகெய்ன் மறைந்துபோயிற்று. எடுத்தவர் யார் என்று தேடிப் பார்த்தால், அந்தத் தனிப்படையைச் சேர்ந்த ரஃபேல் பெரஸ் என்ற அதிகாரி! ஆகஸ்டில் கைதானார். முதல் வழக்கில் ஜூரிகள் ஒருமனப்படவில்லை. மறு வழக்கு வருவதற்குள், 1999 செப்டம்பரிலே, அரசுத் தரப்போடு ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்: கொகெய்ன் திருட்டுக்கு ஐந்தாண்டுத் தண்டனை, தாமும் பிறரும் செய்த மற்ற முறைகேடுகளை எல்லாம் சொல்லிவிடுவது, சொன்னவற்றுக்கு வழக்கு இல்லை.

பேசத் தொடங்கினார். மாதக்கணக்கிலே பேசினார். எழுதியெடுத்தது நாலாயிரம் பக்கங்களைத் தாண்டிற்று. சுமார் எழுபது அதிகாரிகளின் பெயர்கள் அடிபட்டன. பொய்ச் சாட்சியம், நட்டுவைத்த துப்பாக்கி, புனைந்தெழுதிய அறிக்கை, அடி, உதை! அவற்றிலே ஒன்று உள்ளத்தை உலுக்குவது. 1996 அக்டோபரிலே பத்தொன்பது வயது இளைஞன் ஒருவனை, கையில் ஆயுதம் ஏதுமில்லாதவனை, பெரசும் அவருடைய கூட்டாளியும் சுட்டார்கள். வீழ்ந்தவன் அருகிலே ஒரு துப்பாக்கியைப் போட்டுவிட்டு, "எங்களைத் தாக்க வந்தான்" என்று நீதிமன்றத்திலே சத்தியம் செய்தார்கள். இடுப்புக்குக் கீழே செயலற்றுப்போன அந்த இளைஞனுக்கு இருபத்து மூன்று ஆண்டுச் சிறைத்தண்டனை! நடக்க முடியாதவனைச் சிறையிலே அடைத்தார்கள், ஓடிவிடுவான் என்பதுபோல. பெரஸ் வாய் திறந்த பிறகே அவனுக்குச் சிறைக்கதவும் திறந்தது. 2000-ஆம் ஆண்டிலே நகராட்சி அவனுக்கு ஒன்றரைக் கோடி டாலர் இழப்பீடு வழங்க இசைந்தது. கால்கள் வரவில்லை.

அவன் ஒருவன் மட்டுமல்ல. நூற்றுக்கு மேற்பட்ட தண்டனைகள் தள்ளுபடியாயின. நகரம் கொடுத்த இழப்பீடுகளின் கூட்டுத்தொகை ஏறத்தாழ பன்னிரண்டரைக் கோடி டாலர். 2000 மார்ச்சிலே 'க்ராஷ்' படைகளே கலைக்கப்பட்டன. மத்திய நீதித்துறை தலையிட்டது. 2001 முதல் நீதிமன்றத்தின் கண்காணிப்பிலே அந்நகரப் போலீசு பல ஆண்டுகள் இயங்க வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டிலே 'தி ஷீல்டு' வந்தது. அதற்கு முதலில் 'ராம்பார்ட்' என்றே பெயரிடக் கருதியிருந்தார்கள்; பின்னர்ப் பெயரையும் ஊரையும் மாற்றிக்கொண்டார்கள்.

இங்கேதான் எனக்கு ஒரு சிக்கல், தோழா. அதனை உன்னிடம் மறைக்கப்போவதில்லை. நாடகத்தின் மேக்கிக்கு விலக்குத் தந்தது அக்கிரமம் என்று கொதிக்கிறேன். பெரசுக்கு விலக்குத் தந்ததை என்னென்பது? அவரும் குற்றவாளிதான். பொய் கண்டறியும் சோதனைகளிலும் அவர் தேறவில்லை. அவர் சொன்னவற்றில் எது மெய், எது மிகை என்று இன்றளவும் பேசுவோர் உண்டு. அவர் சுட்டிக்காட்டியவர்களில் நீதிமன்றத்திலே தண்டனை பெற்றவர்கள் வெகு சிலரே. மூன்று அதிகாரிகளைக் குற்றவாளிகள் என்று 2000 நவம்பரிலே ஜூரிகள் சொன்னார்கள். அடுத்த மாதமே நீதிபதி அதனைத் தள்ளுபடி செய்துவிட்டார். அப்படியிருந்தும், "அந்தப் பேரம் கூடாது" என்று சொல்ல என் நா எழவில்லை. சக்கர நாற்காலியிலே சிறைக்கம்பிகளுக்குப் பின்னால் இருந்த அந்த இளைஞனை நினைத்தால் எப்படிச் சொல்வேன்? போலீசு செய்த கொடுமைக்குப் போலீசைத் தவிர வேறு சாட்சி இருப்பதில்லையே! உள்ளிருந்து ஒருவன் பேசினால்தான் உண்டு. பேசுகிறவனும் கறைபடிந்தவனாகத்தான் இருப்பான். கறைபடாதவன் அந்த அறையிலே இருந்திருக்க மாட்டான்.

ஆகவே, பேரமே கூடாது என்று நான் கூறவில்லை. பேரத்திலே என்ன வாங்கினோம், என்ன கொடுத்தோம் என்று பார்க்கிறேன். பெரசின் உடன்பாட்டிலே ஒரு வரம்பு இருந்தது: கொலை நீங்கலாக! கொலை செய்திருந்தால் விலக்கு இல்லை. நாடகத்து அதிகாரிகள் எழுத மறந்தது அதைத்தான். பெரசின் நாவு அசைந்தபோது ஒருவர் பின் ஒருவராக மனிதர்கள் சிறையிலிருந்து வெளியே வந்தார்கள். மேக்கியின் நாவு மணிக்கணக்கிலே அசைந்தும் ஒருவரும் வெளியே வரவில்லை. அவன் சொன்ன உண்மையைக் கேட்டு யாருடைய விலங்காவது அகன்றதா? இல்லை, ஒருவனுக்கு விலங்கு பூட்டப்பட்டதுதான் மிச்சம். அந்த ஒருவனைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சட்டம் படித்த தோழர்கள் ஒரு வினா எழுப்புவார்கள். மத்திய அரசு விலக்குத் தந்தால் மாநிலத்தின் கொலை வழக்கு எப்படித் தடைபடும் என்று கேட்பார்கள். நல்ல வினா. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1964-இலேயே, ஓர் அரசு வற்புறுத்திப் பெற்ற வாக்குமூலத்தை மற்றோர் அரசு வழக்குக்குப் பயன்படுத்தலாகாது என்று சொல்லிவிட்டது. 1972-இல், அப்படிச் சொல்லப்பட்ட சொல்லையும் அதிலிருந்து கிளைக்கும் சான்றையும் பயன்படுத்தக்கூடாதே தவிர, வேறு வழியிலே தனியாகக் கிடைத்த சான்றைக் கொண்டு வழக்குத் தொடரத் தடையில்லை என்றும் விளக்கிற்று. நாடகம் இந்த நுணுக்கத்துக்குள் நுழையவில்லை. நுழைந்திருந்தால் மேக்கியின் பாடு வேறாயிருக்கக்கூடும். பெரசின் பாடே வேறாயிற்று. அவர் மாநிலத் தண்டனை முடிந்து வெளியே வந்தபின் மத்திய அரசு அவர்மீது வழக்குத் தொடுத்தது; அந்த இளைஞனின் உரிமையைப் பறித்த குற்றத்துக்காக 2002-இல் மேலும் ஈராண்டுத் தண்டனை கிடைத்தது. நிற்க.

ரானியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அதிரடிப் படையிலே அதிகம் பேசாதவன் ரானி கார்டாக்கி. மேக்கி வலப்புறம் போ என்றால் வலப்புறம் போவான். இடப்புறம் என்றால் இடப்புறம். க்ரௌலியைக் கொன்றதிலே அவனுக்குப் பங்கில்லை. ஆனால் பின்னர் அறிந்தான், அறிந்தும் மறைத்தான். கொள்ளையிலே பங்குகொண்டான். லெம் செத்தான், ஷேன் விலகினான். எஞ்சி நின்றவன் ரானி ஒருவனே. "ஓடிவிடுகிறேன்" என்று அவன் ஒருமுறைக்கு மேல் துடித்தபோது, "நில், இருவருக்கும் சேர்த்தே ஒப்பந்தம் பேசுகிறேன்" என்று நிறுத்திவைத்தவன் மேக்கி. நின்றான். ஒலிப்பதிவுக் கருவியின் முன்னே மேக்கி ஒவ்வொரு குற்றமாக அடுக்கியபோது, ஒவ்வொன்றிலும் ரானியின் பெயரும் ஏறிக்கொண்டே போயிற்று. ஒப்பந்தத்திலோ ரானியின் பெயர் இல்லை! அதனை ரானியிடம் சொல்லவுமில்லை. சொல்லாததோடு, பெரிய மீனைப் பிடிக்கும் கடைசி வேட்டைக்கும் அவனை அழைத்துப்போகிறான். அவனும் உற்சாகமாக வருகிறான், தனக்கும் விடுதலை என்ற நம்பிக்கையிலே.

ஷேன் செய்த கொடுமைகளைவிட, க்ரௌலியின் கொலையைவிட, என்னை உறங்கவிடாத இடம் இதுதான். நீயும் நானும் ஓர் இயக்கத்திலே இருப்பவர்கள். சுவரொட்டி ஒட்டியவர்கள், தலைவர் சொன்னார் என்பதற்காகப் பசியோடு நடந்தவர்கள். விசுவாசம் என்ற சொல்லுக்கு நம் நெஞ்சிலே தனி இடம் உண்டு. ஆகவேதான் ரானியைப் பார்க்கும்போது கூசுகிறது. அவன் குற்றவாளி, அதிலே ஐயமில்லை. ஆனால் அவன் ஏழு பருவங்களிலே ஒருமுறையாவது மேக்கியை நோக்கி, "அந்தக் காகிதத்தைக் காட்டு, என் பெயர் இருக்கிறதா பார்க்கிறேன்" என்று கேட்டதுண்டா? கேட்பதே துரோகம் என்று எண்ணியிருந்தான். கேட்கப்படாத இடத்திலேதான் மேக்கி வளர்ந்தான்.

இன்னொருவரும் கேட்கவில்லை. அவர் அசெவேடா, அந்த நிலையத்தின் பழைய தலைவர். க்ரௌலியை உளவுக்கு அனுப்பியவரே அவர்தான். கொன்றவன் யார் என்று முதல் நாளே அவருக்கு உள்ளூரத் தெரியும். வெகுண்டார், விசாரிக்க முயன்றார். ஆனால் நகரசபைத் தேர்தல் வந்தது. குற்றங்கள் குறைந்தன என்று மேடையிலே சொல்ல அவருக்குப் புள்ளிவிவரம் தேவைப்பட்டது. புள்ளிவிவரத்தைத் தருபவன் மேக்கி! கோபம் மெல்ல மெல்ல உடன்பாடாயிற்று. நகரசபை உறுப்பினரானார், கதை முடியும்போது மேயர் பதவிக்கு நிற்கிறார். மத்தியத் துறையோடு மேக்கி கைகோக்க வழி அமைந்ததிலும் அவருக்குப் பங்குண்டு. கெட்டவர் என்று அவரைச் சொல்லிவிட முடியாது; படித்தவர், தன் மக்களுக்கு நல்லது செய்ய விழைபவர். "இவனை இப்போது தொட வேண்டாம், தேர்தல் முடியட்டும்" என்று நினைத்தவர், அவ்வளவே. அந்த வாக்கியத்தை நீ எங்கும் கேட்டதில்லை என்று என்னிடம் சொல்லாதே.

கடைசிப் பகுதி ஒரு வாரம் கழித்து, நவம்பர் 25-இல் வந்தது. துப்பாக்கிச் சண்டை எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். வழியெல்லாம் அடைபட்ட ஷேன், கருவுற்றிருந்த மனைவியையும் சின்னஞ்சிறு மகனையும் மாய்த்துவிட்டுத் தானும் மடிகிறான். கொரீனும் குழந்தைகளும் அரசின் பாதுகாப்பிலே, மேக்கி அறியாத ஊருக்கு அனுப்பப்படுகிறார்கள். கிளாடெட் அம்மையார் மேக்கியை அழைத்து, அவன் எத்தனையோ பேரை வாட்டி வதைத்த அதே விசாரணை அறையிலே உட்கார வைக்கிறார். வழக்குப் போட முடியாது. அவருக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். ஷேன் எழுதிவைத்த கடிதத்தைப் படிக்கிறார். மூன்று பிணங்களின் படங்களை அவன் முன்னே ஒவ்வொன்றாக வைத்துவிட்டு வெளியே போய்விடுகிறார். சட்டம் கைவிட்ட ஓர் அதிகாரிக்கு எஞ்சியிருந்த ஆயுதம் அவ்வளவுதான். சுவரிலிருந்த காமிராவை மேக்கி பிடுங்கி எறிகிறான்.

அறையைவிட்டு வெளியே வந்தால் ரானி சிரித்த முகத்தோடு நிற்கிறான். கைது செய்யச் சொல்கிறார் அம்மையார். ஒரு கணம் அவனுக்குப் புரியவில்லை. "விலக்கு இருக்கிறதே" என்பதுபோல மேக்கியைப் பார்க்கிறான். மேக்கி தரையைப் பார்க்கிறான். பிறகு வெடிக்கிறதே ரானியின் குரல்! இத்தனை ஆண்டுகள் பேசாதிருந்தவன் பேசிய பேச்சு அது. விலங்கோடு அவனை இழுத்துச் செல்கிறார்கள். நிலையத்திலிருந்தவர்கள் அத்தனைபேரும் மேக்கியைப் பார்த்தபடி நிற்கிறார்கள். யாரும் வசைமொழி கூறவில்லை. பார்க்கிறார்கள், அவ்வளவே.

மேக்கிக்கு உத்தியோகம் கிடைத்துவிட்டது. கோட்டும் கழுத்துப்பட்டையும் அணிந்து, விளக்கு வெளிச்சத்தின் கீழே, வரிசையாக அடைத்த சிறு தடுப்பறைகளுள் ஒன்றிலே உட்காருகிறான். தெருவுக்குப் போகக்கூடாது, நாள்தோறும் அறிக்கை தட்டச்சு செய்ய வேண்டும், மூன்றாண்டுகள். குழந்தைகளின் படத்தை மேசைமீது வைக்கிறான். இரவு வருகிறது, மற்றவர்கள் போய்விடுகிறார்கள். எங்கோ தெருவிலே போலீசு வண்டியின் சங்கொலி. சன்னலருகே சென்று எட்டிப் பார்க்கிறான். திரும்பி வந்து, பூட்டிய பெட்டியைத் திறந்து, துப்பாக்கியை எடுத்து இடுப்பிலே செருகிக்கொண்டு வெளியே போகிறான். எங்கே போகிறான் என்று நாடகம் சொல்லவில்லை.